நூறு ஆண்டுகளாகக் கவனிக்கப்படும் ஊர்

1924 ஜனவரியில் ராபர்ட் லிண்ட், ஹெலன் லிண்ட் என்ற இளம் தம்பதி அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் இருக்கும் மன்சிக்குக் குடிவந்தார்கள். ஊரில் அப்போது 38 ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். வந்தவர்கள் கடை வைக்கவில்லை, ஆலை வேலைக்கும் போகவில்லை. இந்தத் தெருவில் யார் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்கள், ரொட்டியை வீட்டில் சுடுகிறார்களா கடையில் வாங்குகிறார்களா, துணியை யார் துவைக்கிறார்கள், அப்பாவுக்கும் பிள்ளைக்கும் எதில் சண்டை வருகிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அதே ஊர் 1890ல் எப்படி இருந்தது என்பதைப் பழைய பத்திரிகைகளிலிருந்தும் நாட்குறிப்புகளிலிருந்தும் திரட்டினார்கள். 1929ல் அது புத்தகமாக வந்தது. ஊரின் பெயரை மறைத்து ‘மிடில்டவுன்’ என்று எழுதியிருந்தார்கள். ஆனால் அது எந்த ஊர் என்ற ரகசியம் வெகுநாள் தங்கவில்லை.

பெருமந்தக் காலத்தில் ராபர்ட் லிண்ட் திரும்பி வந்தார். இரண்டாவது புத்தகம் 1937ல் வெளியானது. 1970களின் இறுதியில் தியோடர் கேப்லோ என்ற சமூகவியலாளர் தம் குழுவோடு வந்து அதே கேள்விகளை மறுபடி கேட்டார். 1999ல் இன்னொரு முறையும் கேட்டார்கள். அமெரிக்கச் சிறுநகர வாழ்க்கை தலைமுறைதோறும் எப்படி மாறியது என்பதை ஊகமாக இல்லாமல் ஆவணமாகப் பார்க்க வேண்டுமென்றால், மன்சியைப் போல வாகான ஊர் கிடைப்பது அரிது.

மன்சி வளர்ந்த கதை பூமிக்கடியில் தொடங்குகிறது. 1886ல் அந்த வட்டாரத்தில் இயற்கை எரிவாயு பீறிட்டது. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் கண்ணாடி ஆலை நடத்தி, தீ விபத்தில் அதை இழந்திருந்த பால் சகோதரர்கள் ஐவரை மன்சி அழைத்தது. நிலம் தருகிறோம், எரிவாயு இலவசம், இடம்பெயர 5,000 டாலர் தருகிறோம் என்றார்கள். 1887ல் சகோதரர்கள் வந்துவிட்டார்கள். கோடையில் விளைந்த தக்காளி, பீன்ஸ், பீச் பழங்களைப் பக்குவம் செய்து குளிர்காலத்துக்காக அடைத்து வைக்க அமெரிக்க வீட்டுப் பெண்கள் பயன்படுத்தும் கண்ணாடி ஜாடிதான் அவர்களுடைய சரக்கு. ‘பால்’ என்று சாய்வெழுத்தில் பொறித்த அந்த ஜாடி இன்றும் அங்கே மளிகைக் கடைகளில் விற்கிறது.

1890ல் கண்ணாடி ஊதுவது கைத்தொழில். பையன் சின்ன வயதில் உதவியாளாகச் சேர்ந்து, பல வருடம் பழகி, தொழிலாளியாவான். வயதும் அனுபவமும் கூடக் கூட அவனுக்கு மதிப்பும் கூடியது. 1924க்குள் இயந்திரம் வந்து ஊதுகிற வேலையை எடுத்துக்கொண்டது. அனுபவத்தைவிட வேகம் பெரிதாகிவிட்டது. 45 வயதைத் தாண்டியவர்கள் ‘எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடுவார்கள்’ என்று பயந்துகொண்டே ஆலைக்குப் போனார்கள். பாட்டனார் காலத்தில் முதுமை தந்த கௌரவத்தைப் பேரன் காலத்தில் இயந்திரம் பறித்துக்கொண்டது. கார் வந்ததைவிடப் பெரிய மாற்றம் இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

காரும் சாதாரண மாற்றமல்ல. 1923 இறுதியில் மன்சியில் 6,221 கார்கள் ஓடின. மூன்று குடும்பங்களுக்கு இரண்டு என்ற கணக்கு. லிண்ட் தம்பதி கார் வைத்திருந்த, ஆனால் இடிந்து கிடந்த வீடுகளில் வசித்த 26 குடும்பங்களை விசாரித்தபோது, 21 வீடுகளில் குளியல் தொட்டியே இல்லை என்று தெரிந்தது. மாலையில் வீட்டு முன் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அக்கம்பக்கத்தாரோடு பேசும் வழக்கம் தேயத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வரவேண்டியவர்கள் காரில் ஊர்சுற்றப் போகிறார்கள் என்று பாதிரியார்கள் வருந்தினார்கள். ஒன்பது திரையரங்குகள் பிற்பகல் ஒரு மணி முதல் இரவு பதினொன்று வரை வாரத்தின் ஏழு நாளும் படம் காட்டின.

அந்தக் காலத்தில் பெண்கள் வீட்டோடு இருந்தார்கள் என்ற நம்பிக்கையையும் இந்த ஆவணம் அசைக்கிறது. விசாரிக்கப்பட்ட 124 தொழிலாளர் வீட்டு மனைவியரில் 55 பேர் முந்தைய ஐந்து ஆண்டுகளில் ஏதோ ஒரு சமயம் கூலி வேலைக்குப் போயிருந்தார்கள். கணவனுக்கு வேலை நின்றால் அடுப்பெரிய அவள்தான் கிளம்ப வேண்டியிருந்தது. இந்த நிலை வசதியான வீடுகளில் இல்லை. பழங்காலத்தின் நினைவை எழுதி வைத்தவர்கள் பெரும்பாலும் அந்த வசதியான வீட்டார் என்பதை மறந்துவிடக்கூடாது.

லிண்ட் தம்பதியின் புத்தகத்தில் பெரிய ஓட்டை ஒன்றும் உண்டு. 1920ல் மன்சியில் சுமார் 2,000 கறுப்பின மக்கள் வாழ்ந்தார்கள். வெள்ளையரை மட்டும் பார்த்தால் ஒப்பிடுவது எளிது என்று எண்ணி, ஆய்விலிருந்து அவர்களை முழுவதுமாக விலக்கினார்கள். அதே ஆண்டுகளில்தான் வெள்ளையர் மேலாதிக்க இயக்கமான கூ க்ளக்ஸ் கிளான் இண்டியானாவில் உச்சத்தில் இருந்தது. ‘அமெரிக்காவின் சராசரி ஊர்’ என்று உலகம் படித்தது கறுப்பினத்தவர் இல்லாத ஒரு படத்தை. மன்சியின் தீயணைப்பு வீரராக இருந்து பிறகு மாநிலச் சட்டமன்ற உறுப்பினரான ஹர்லி குடால், தம் மக்களின் கடிதங்களையும் படங்களையும் பல ஆண்டுகள் சேகரித்து வைத்தார். அந்தத் தேட்டத்தின் பலனாகக் கறுப்பினக் குடும்பங்களின் வரலாறு 2004ல் தனிப் புத்தகமாக வந்தது. 75 ஆண்டுத் தாமதம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய தலைமுறை மன்சியின் செழிப்பான தலைமுறை. வார்னர் கியர், செவ்ரோலே ஆலைகளில் கார்களுக்கான கியர்பெட்டி செய்தார்கள். 1960களின் வேகமான ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் இருந்த நான்கு கியர் பெட்டியைப் பழைய கார் பிரியர்கள் இன்றும் ‘மன்சி’ என்றே குறிப்பிடுகிறார்கள். உயர்நிலைப் பள்ளியை முடித்தவன் அடுத்த வாரமே அப்பா வேலை பார்க்கும் ஆலைக்குள் நுழைந்து, தொழிற்சங்கம் பேசி வாங்கிய சம்பளத்தில் வீடு வாங்க முடிந்தது.

கேப்லோவின் குழு வந்தது அந்தக் காலத்தின் முடிவில். குடும்பம் சிதைந்து, பக்தி மங்கியிருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு வேறு விடை கிடைத்தது. 1924ஐவிடத் தகப்பன்மார் பிள்ளைகளோடு அதிக நேரம் செலவிட்டார்கள். சர்ச்சுகளும் காலியாகவில்லை. குடும்பம் நலிந்துவருகிறது என்பது ஒரு கட்டுக்கதை என்றே கேப்லோ எழுதினார்.

நலிந்தது வேலைதான். 1998ல் பால் நிறுவனத்தின் தலைமையகம் கொலராடோவுக்குப் போனது. 2006ல் செவ்ரோலே வழிவந்த கியர்பெட்டி ஆலையும் 2009ல் வார்னர் கியர் ஆலையும் மூடப்பட்டன. 1980ல் 77 ஆயிரமாக இருந்த மக்கள்தொகை 2020ல் 65 ஆயிரம். முதலாளியும் தொழிலாளியும் ஒரே ஊரில் வாழ்ந்தது பழைய ஏற்பாடு. அதில் அடக்குமுறையும் இருந்தது. வங்கி முதல் கல்லூரி வரை பால் குடும்பத்தின் கை நீண்டிருந்ததை லிண்டின் இரண்டாவது புத்தகம் ஓர் அத்தியாயமே ஒதுக்கிக் காட்டியது. ஆனாலும் முதலாளியை ஊர்க்காரர்கள் தெருவில் பார்க்க முடிந்தது. ஆலையை மூடுகிற முடிவை எங்கோ இருப்பவர்கள் எடுக்கும் நாளில் கேட்பதற்குக்கூட ஆள் இல்லை.

இந்த ஏற்ற இறக்கத்தைப் பள்ளிக்கூடத்தில் தெளிவாகப் பார்க்கலாம். 1890ல் மன்சியின் உயர்நிலைப் பள்ளியில் 170 மாணவர்கள். 1924ல் 1,849 பேர். மன்சி சென்ட்ரல் என்ற அந்தப் பள்ளியின் கூடைப்பந்து அணியான ‘பேர்கேட்ஸ்’தான் ஊரைச் சாதி மத பேதமின்றி ஒன்றுசேர்க்கும் விஷயம் என்ற அளவுக்குப் பித்து. 1954ல் மாநில இறுதிப் போட்டியில், நான்கு முறை கோப்பை வென்ற மன்சி சென்ட்ரல் அணியை, சுமார் ஆயிரம் பேரே வசித்த மைலன் என்ற குக்கிராமத்தின் அணி எதிர்த்தது. கடைசிச் சுற்றில் மைலன் அணியின் பாபி ப்ளம்ப் நான்கு நிமிடத்துக்கு மேல் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்; பிறகு இறுதி நொடிகளில் அவரே வெற்றிப் பந்தைக் கூடையில் போட்டார். 32க்கு 30. 1986ல் வந்த ‘ஹூசியர்ஸ்’ திரைப்படம் அந்த வெற்றியின் உந்துதலில் எடுக்கப்பட்டது. 1997க்குப் பிறகு பெரிய பள்ளிக்கும் சின்னப் பள்ளிக்கும் தனித்தனிக் கோப்பை என்றாகிவிட்டதால், இனி அப்படியொரு ஆட்டத்துக்கு இடமில்லை.

ஆலைகள் பெருகிய காலத்தில் மன்சியில் உயர்நிலைப் பள்ளிகள் மூன்றாயின. ஆலைகள் போனதும் ஒவ்வொன்றாக மூடி, 2014ல் மறுபடி மன்சி சென்ட்ரல் ஒன்றே மிஞ்சியது. மாணவர் குறைந்து கடன் ஏறியதால் 2018ல் மாநில அரசு சட்டம் இயற்றி ஊரின் அரசுப் பள்ளிகளை, பால் சகோதரர்கள் வாங்கிக் கொடுத்த நிலத்தில் வளர்ந்த பால் ஸ்டேட் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தது. முன்பு வாக்காளர்கள் தேர்ந்தெடுத்த பள்ளிக் குழுவின் உறுப்பினர்களை இப்போது பல்கலைக்கழகம் நியமிக்கிறது.