பயண உருப்பெருக்கப் படக்கருவி

பயண உருப்பெருக்கப் படக்கருவி என்பது கையடக்கமான உடலும் பல மடங்கு நீளும் வில்லையும் கொண்ட எண்ணிமப் படக்கருவி ஆகும். 2006-இல் பானாசோனிக் வெளியிட்ட, 10 மடங்கு ஒளியியல் உருப்பெருக்கம் கொண்ட லூமிக்ஸ் டிஇசட்1 இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று.

உருப்பெருக்கமும் உணரியும்

ஒளியியல் உருப்பெருக்கத்தில் வில்லைகள் நகர்ந்து காட்சியை அருகில் கொணர்கின்றன. எண்ணிம உருப்பெருக்கம் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது மட்டுமே. புதிய விவரம் எதையும் சேர்ப்பதில்லை. எனவே ஒளியியல் அளவையே ஒப்பிட வேண்டும்.

வில்லை சிறிதாகவே இருந்து நெடுந்தொலைவு எட்ட வேண்டுமெனில் உணரியும் சிறிதாக இருக்க வேண்டும். 2018-இல் வெளிவந்த சோனி எச்எக்ஸ்99 30 மடங்கு உருப்பெருக்கமும் 1/2.3 அங்குல வகை உணரியும் கொண்டது. அதே ஆண்டில் வந்த ஆர்எக்ஸ்100 வரிசையின் ஆறாம் படக்கருவிக்கு உருப்பெருக்கம் ஏறத்தாழ 8 மடங்கே. ஆனால் அதன் 1 அங்குல வகை உணரியின் பரப்பு சுமார் 4 மடங்கு பெரியது.

தேர்வு

குத்தம்பாக்கத்தை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியில், கரையிலிருந்து தொலைவில் நிற்கும் கொக்கைப் பகல் வெளிச்சத்தில் படமெடுக்க 30 மடங்கு உதவும். அந்தியில் அதே கருவி தடுமாறும்: முழுதும் நீண்ட வில்லை குறைந்த ஒளியையே உள்விடுவதால் கை அசைவு படத்தை மங்கலாக்கும், உணர்திறனைக் கூட்டினால் புள்ளிகள் தோன்றும். அருகிலுள்ள திருமழிசை ஜெகந்நாதப் பெருமாள் கோயில் கோபுரத்தை விளக்கேற்றும் வேளையில் எடுக்க விரும்புவோருக்குப் பெரிய உணரியே ஏற்றது. வாங்குமுன் கடையின் மங்கலான மூலையில், முழு உருப்பெருக்கத்தில் ஒரு படம் எடுத்துப் பார்ப்பது நல்லது.