இடிக்காமல் கட்டடத்தின் பலத்தை அறிவது எப்படி?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளில் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீடுகளும் பள்ளிவாசல்களும் ஏராளம். அன்று கையில் இருந்த பணத்துக்குக் கீழ்த்தளம் மட்டும் கட்டினோம். இன்று பிள்ளைகள் வளர்ந்து, மருமகளும் வந்துவிட்டார். மேலே ஒரு மாடி எடுக்கலாமா என்ற பேச்சு பல வீடுகளில் நடக்கிறது. பழைய தூண் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்ற கேள்வியை மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

அம்பத்தூர் பக்கமுள்ள ஒரு மஹல்லாவில் இதே நிலையை நாம் நேரில் கண்டோம். மக்தப் பிள்ளைகளுக்கு இடம் போதவில்லை. பள்ளிவாசலின் மேல் இன்னொரு தளம் எழுப்ப ஜமாஅத்தார் முடிவு செய்து நன்கொடையும் வசூலித்துவிட்டார்கள். "தாராளமாகத் தாங்கும் ஹஜ்ரத்" என்றார் மேஸ்திரி. ஒளூ செய்யும் இடத்தை ஒட்டிய தூணில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் ஓடியதைக் கண்ட முத்தவல்லி மட்டும், பொறியாளர் ஒருவரை அழைத்துப் பார்த்துவிடலாம் என்றார். வந்தவர் கடப்பாரை கொண்டு வரவில்லை. தோளில் மாட்டும் ஒரு பையுடன் வந்தார். அந்தப் பையில் இருந்தவற்றைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

மண்சட்டி வாங்கும் தாய்மார்கள் அதை விரலால் தட்டிப் பார்ப்பார்கள். சத்தம் சரியில்லை என்றால் திருப்பி வைத்துவிடுவார்கள். சட்டியை உடைக்காமலே உள்ளே கீறல் இருப்பது தெரிந்துவிடுகிறது. கட்டடத்தைச் சேதப்படுத்தாமல் செய்யும் சோதனையும் அதே வழிதான்.

முதல் கருவி ஒரு சுத்தியல். உள்ளே ஸ்பிரிங் இருக்கும். பூச்சை நீக்கிவிட்டு காங்கிரீட்டின் மேல் வைத்து அழுத்தினால், மோதித் திரும்பும் வேகத்தை அளவாகக் காட்டும். கடினமான பரப்பில் அதிகமாகத் துள்ளும். ஆனால் இது மேற்பரப்பை மட்டுமே சொல்லும். இதை வைத்துக் கணிக்கும் பலத்தில் 25 சதவீதம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம் என்று இந்தியத் தர நிர்ணய விதியே கூறுகிறது. பழைய காங்கிரீட், காற்றிலுள்ள கரியமில வாயுவால் மேலே இறுகிப் போயிருக்கும். சுத்தியல் நல்ல எண்ணைக் காட்டும். அதே வாயுதான் உள்ளிருக்கும் கம்பிக்கான பாதுகாப்பையும் கெடுக்கிறது. எனவே மூன்று இடத்தில் தட்டிவிட்டு "நன்றாக இருக்கிறது" என்று எழுதித் தரும் சான்றை நம்பிவிடக் கூடாது.

இரண்டாவது, காதுக்குக் கேட்காத ஒலி. தூணின் ஒரு பக்கம் ஒலியை அனுப்பி மறுபக்கம் வாங்கும் கருவி இது. 1992இல் வெளியாகி முன்பு நடைமுறையில் இருந்த ஐ.எஸ். 13311 விதிப்படி, ஒலி நொடிக்கு 4.5 கிலோமீட்டருக்கு மேல் சென்றால் காங்கிரீட் மிக நல்ல தரமாகக் கருதப்பட்டது. 3 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கினால் சந்தேகத்துக்குரியதாகக் கருதப்பட்டது. 30 சென்டிமீட்டர் தூணைக் கடக்க நல்ல காங்கிரீட்டில் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 67 பங்கு நேரம் ஆகும். 100 பங்குக்கு மேல் ஆனால், ஒலி உள்ளே வெடிப்பையோ, ஜல்லிக்கு இடையே சிமெண்ட் சேராத ஓட்டையையோ சுற்றிக்கொண்டு வருகிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

மூன்றாவது, கம்பியைத் தேடும் கருவி. காந்தப் புலத்தைக் கொண்டு கம்பி எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும். இதைவிடப் பெரிய வகை ஒன்று சிறு சக்கரங்களோடு சுவர்மேல் உருளும். ரேடியோ அலையை உள்ளே அனுப்பி, திரும்பி வருவதைப் படமாகத் திரையில் வரையும். கம்பி துருப்பிடித்துக் கொண்டிருக்கிறதா என்பதை அறிய மின்னழுத்தத்தை அளக்கும் சோதனை தனியாக உண்டு. துரு சாதாரண விஷயமல்ல. இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருத்து, சுற்றியுள்ள காங்கிரீட்டைப் பிளந்துவிடும்.

இக்கருவிகள் எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். போரூரை அடுத்த மௌலிவாக்கத்தை நம் பகுதியினர் மறந்திருக்க முடியாது. 2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை. ரமளான் தொடங்க ஓரிரு நாட்களே இருந்தன. கட்டி முடியும் நிலையில் இருந்த 11 மாடிக் கட்டடம் மழையின்போது சரிந்து 61 உயிர்கள் போயின. இறந்தவர்களில் பெரும்பாலோர் கூலிக்கு வந்த கட்டடத் தொழிலாளர்கள். பாரத்தைத் தாங்கும் பலம் தூண்களுக்குப் போதவில்லை என்பதே விசாரணையில் வெளிவந்த முக்கியக் காரணம். பக்கத்தில் நின்ற இரண்டாவது கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்துத் தகர்த்தார்கள். கருவி, உள்ளே இருப்பதைக் காட்டும். இருப்பது போதுமா என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியவர் கட்டமைப்புப் பொறியாளர். இரண்டும் சேர்ந்தால்தான் சோதனை முழுமையாகும்.

குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பூச்சில் காணும் மயிரிழை விரிசல் எல்லாம் ஆபத்தல்ல. தூணிலும் பீமிலும் கம்பி போகும் வழியே ஓடும் விரிசல், துருக்கறை, தளத்திலிருந்து காங்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிவது, திடீரென்று கதவு ஜன்னல் இறுகுவது ஆகியவற்றைப் பூசி மறைக்கக் கூடாது. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட அரசுக் குடியிருப்பு இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு மக்கள் முன்பே வெளியேறியதால், அல்ஹம்துலில்லாஹ், ஓர் உயிர்கூடப் போகவில்லை.

பழைய ஃபிளாட் வாங்குபவர்கள் பத்திரத்தைப் பார்ப்பது போலவே தூணையும் பார்க்க வேண்டும். விற்பவரும் அறிந்த குறையை மறைக்கக் கூடாது. அது மார்க்கம் தடுத்த காரியம். சோதனை செய்பவரிடம் எந்தெந்த இடத்தில் என்ன அளவு கிடைத்தது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தரமணியிலுள்ள மத்திய அரசின் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம், ஐ.ஐ.டி., கிண்டி பொறியியல் கல்லூரி என இத்துறையில் அனுபவமுள்ள நிறுவனங்கள் சென்னையிலேயே உள்ளன.

அந்தப் பள்ளிவாசலில் இரண்டு தூண்களில் ஒலியின் வேகம் மிகக் குறைவாக இருந்தது. பல ஆண்டுகளாகத் தண்ணீர் கசிந்து உள்ளே கம்பி துருவேறியிருந்தது. மேல்தளம் வேண்டாம், முதலில் தூண்களைச் சரி செய்யுங்கள் என்று எழுதிக் கொடுத்தார் பொறியாளர். சிலருக்கு வருத்தம். இன்னொரு சிக்கலும் இருந்தது. மாடிக்கென்று வாங்கிய பணத்தைத் தூணுக்குச் செலவழிக்கலாமா? கொடுத்தவர்களிடம் கேட்காமல் மாற்றக் கூடாது என்று நாம் சொன்னோம். ஜும்ஆவுக்குப் பின் அறிக்கையை அப்படியே வாசித்துக் காட்டி, விரும்பாதவர்கள் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். ஒருவரும் திரும்பக் கேட்கவில்லை. "எங்கள் பிள்ளைகள் உட்காரும் இடம்தானே ஹஜ்ரத், முதலில் அது நிற்கட்டும்" என்றார் ஒரு பெரியவர்.

இப்போது மக்தப் இரண்டு நேரமாகப் பிரித்து கீழ்த்தளத்திலேயே நடக்கிறது. மாடி, இன்ஷா அல்லாஹ், பிறகு வரும். நம் மஹல்லாக்களிலும் அடுத்த மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை தூண்களைப் பார்த்துவிடுவோம்.