ஏர் பிஸ்டல் வாங்கப் போகிறீர்களா? முதலில் கணக்குப் பாருங்கள்

2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பிரிவில் வெண்கலம் வென்றார். இரண்டு நாள்கள் கழித்து, சரப்ஜோத் சிங்குடன் இணைந்து கலப்பு அணிப் பிரிவிலும் மற்றொரு வெண்கலம் பெற்றார். அதன் பின்னர் எங்கள் கிளைகளுக்கு வரும் வாடிக்கையாளர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று புதிதாகச் சேர்ந்துள்ளது. கல்விக் கடன், வைப்புநிதி வட்டி ஆகியவற்றைப் பற்றிப் பேசி முடித்தபின், எழுந்து செல்லும் வேளையில் கேட்கிறார்கள்: “பிள்ளைக்கு ஒரு பிஸ்டல் வாங்க வேண்டும் என்கிறாள். எவ்வளவு ஆகும் சார்?” பிள்ளைக்காக அன்றித் தமக்காகவே கேட்கும் ஓய்வுபெற்றோரும் உண்டு. நிதானமும் பார்வையும் இருந்தால் அறுபது வயதிலும் பழகத்தக்க விளையாட்டு இது. ஆகவே அந்த ஆசையில் பிழை எதுவும் இல்லை.

“எவ்வளவு ஆகும்?” என்ற கேள்விக்குக் கடைக்காரர் ஒரு விலையைச் சொல்வார். நாங்கள் வேறொரு கணக்கைச் சொல்ல விரும்புகிறோம். இந்தப் பொழுதுபோக்கில் வாங்கும் நாளன்று கொடுக்கும் தொகை செலவின் ஒரு பகுதியே. மலிவு என்று வாங்கிய கருவி அலமாரியில் உறங்குவதும், அதிக விலை கொடுத்து வாங்கியது கைக்குப் பொருந்தாமல் பாதி விலைக்குக் கைமாறுவதும் அந்தக் கணக்கைப் போடாததால் நேர்கின்றன.

முதலில் சட்டம்

சிறு விட்டக் கைத்துப்பாக்கி என்றவுடன் பலர் நினைப்பது .22 பிஸ்டலைத்தான். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிரிவில் வெள்ளி வென்றது அந்த வகைத் துப்பாக்கியில்தான். அது வெடிமருந்தால் இயங்குவது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் உரிமம் இன்றி அதை வாங்கவோ வைத்திருக்கவோ இயலாது. விண்ணப்பம், காவல்துறை விசாரணை, தோட்டாக்களுக்கு வரம்பு எனப் பல படிகள் உள்ளன. வெளிநாட்டுத் தயாரிப்பு என்றால் இறக்குமதிக் கட்டுப்பாடும் சேர்ந்துகொள்ளும். வார இறுதியில் பொழுதுபோக்காகச் சுட விரும்புபவர் இந்த வழியில் தொடங்குவது பொருத்தம் அன்று.

ஏர் பிஸ்டலின் நிலை வேறு. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மி.மீ.யையும் (.177 எனப்படுவது இதுவே) குண்டு வெளிவரும்போதுள்ள ஆற்றல் 20 ஜூலையும் தாண்டாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. பந்தயத்துக்கான 10 மீட்டர் பிஸ்டல் இந்த வரம்புக்குள் வெகு எளிதாக அடங்கும். அரை கிராம் எடையுள்ள ஈயக் குண்டு நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் சென்றால் அதன் ஆற்றல் ஆறு ஜூலுக்கும் குறைவே.

இங்கே ஓர் எச்சரிக்கை. விளம்பரங்களில் “.22 ஏர் கன்” என்ற சொல்லைக் காணலாம். அதன் விட்டம் 5.5 மி.மீ. என்பதால் உரிமமற்ற வரம்புக்கு வெளியே நிற்கிறது. 10 மீட்டர் போட்டியிலும் அதற்கு இடமில்லை. ஐந்தாயிரம் ரூபாய் குறைவு என்பதற்காக அதை வாங்குபவர் பணத்தோடு நிம்மதியையும் இழப்பார்.

உள்ளே காற்று எங்கிருந்து வருகிறது?

ஏர் பிஸ்டலின் விலையை நிர்ணயிப்பது பெரும்பாலும் இந்த ஒரு கேள்விதான்.

சுருள்வில்லால் இயங்குபவை சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். விசையை இழுத்ததும் உள்ளே கனத்த பிஸ்டன் பாய்வதால், குண்டு குழலை விட்டு நீங்கும் முன்னரே கை அசைந்துவிடும். தோட்டத்தில் தகர டப்பாவைச் சுடுவதற்கு அது போதும். குறி பழக விரும்புபவருக்கு அது தவறான பழக்கத்தையே கற்பிக்கும் என்பது எங்கள் கருத்து. கார்பன் டை ஆக்சைடு வகையில் வெப்பநிலைக்கேற்ப அழுத்தம் மாறுகிறது. சித்திரை வெயிலில் ஒரு விதமாகவும் மார்கழிக் காலையில் வேறு விதமாகவும் சுடும் கருவியை வைத்துக்கொண்டு பிழை தன்னுடையதா, துப்பாக்கியுடையதா என்று கண்டறிவது கடினம்.

அடுத்தது, ஒரே ஒரு முறை நெம்பி காற்றை அடைக்கும் வகை. ஒவ்வொரு குண்டுக்கும் நெம்புகோலை ஒரு தடவை இயக்க வேண்டும். ரஷ்யாவின் பைக்கால் ஐ.இசட்.எச்.-46எம், ஸ்பெயினின் காமோ காம்பாக்ட் ஆகியவை இவ்வகையில் பெயர் பெற்றவை. அதிர்வு மிகக் குறைவு, துல்லியம் நன்று, சிலிண்டரும் இல்லை, அதை நிரப்பும் கவலையும் இல்லை. குறை ஒன்றுதான்: ஓர் அமர்வில் எண்பது முறை நெம்பினால் தோள் சோர்ந்துவிடும். வளர்ந்தவர், தனியே பழகுபவர், சுடுதளம் தொலைவில் உள்ள ஊரில் வசிப்பவர் ஆகியோருக்கு நாங்கள் முதலில் சொல்வது இந்த வகையைத்தான். பன்னிரண்டு வயதுச் சிறுமிக்குச் சொல்லமாட்டோம்.

கடைசி வகை, முன்கூட்டியே அழுத்தம் ஏற்றிய சிலிண்டர் கொண்டது. ஸ்டெயர், வால்தர், மொரினி, பார்டினி, ஃபைன்வெர்க்பாவ் எனச் சர்வதேசப் போட்டிகளில் காணும் பிஸ்டல்கள் யாவும் இவ்வகையே. சிலிண்டரில் 200 பார் அளவுக்குக் காற்று நிரப்பினால் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுடலாம். ஐரோப்பியத் தயாரிப்பு புதிதாக வாங்கினால் ஒரு லட்சத்தைத் தாண்டும். உள்நாட்டில் தயாராகும் தொடக்கநிலைக் கருவிகள் அதைவிடக் குறைவு. பழகும் முதல் இரண்டு ஆண்டுகளில் இலக்கில் காணும் வேறுபாடு கையிலிருந்து வருவதே அன்றிக் குழலிலிருந்து வருவதன்று. இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. மட்டுமே; மேசையில் பொருத்திச் சுட்டால் சுமாரான பந்தயப் பிஸ்டலும் அதற்குள் அடித்துவிடும்.

பிடியும் விசையும்

விலைப்பட்டியலில் இடம்பெறாத விஷயம் பிடி. மரத்தாலான பிடி சிறிது, நடுத்தரம், பெரிது என்ற அளவுகளிலும், வலக்கைக்கும் இடக்கைக்கும் தனித்தனியாகவும் வரும். உள்ளங்கையைத் தாங்கும் கீழ்ப்பலகையை ஏற்றி இறக்கலாம். பிஸ்டலைப் பிடித்துக் கண்ணை மூடிக் கையை நீட்டி, பின் கண்ணைத் திறந்து பாருங்கள். முன்குறி பின்குறியின் பள்ளத்துக்கு நடுவே தானாக வந்து நின்றால் அந்தப் பிடி உங்களுக்கு உரியது. மணிக்கட்டை முறுக்கித்தான் நேர்ப்படுத்த வேண்டியிருந்தால், எவ்வளவு புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயர் பொறித்திருந்தாலும் வைத்துவிடுங்கள். மரப்பிடியை அரத்தால் தேய்த்தும் மரமாவு பூசியும் ஓரளவு திருத்தலாம் என்பது உண்மை. அதைச் செய்யத் தெரிந்தவர் அருகில் இருக்க வேண்டும். வளரும் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். பன்னிரண்டு வயதில் பொருந்திய பிடி பதினைந்தில் பொருந்தாது. பிடியை மட்டும் தனியே வாங்கக் கிடைக்கும் மாதிரியா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சர்வதேச விதிகளின்படி ஏர் பிஸ்டலின் எடை 1,500 கிராமுக்கு மேற்படக் கூடாது. விசையின் இழுவிசை 500 கிராமுக்குக் குறையக் கூடாது. போட்டியில் அரைக் கிலோ எடைக்கல்லை விசையில் தொங்கவிட்டுச் சோதிப்பார்கள். கடையிலோ கிளப்பிலோ அந்தச் சோதனையைச் செய்துகாட்டச் சொல்லலாம். விசையின் எடையைக் கூட்டிக் குறைக்க வழியில்லாத பிஸ்டலை வாங்க வேண்டாம்.

பழுதுபார்க்கும் வசதியையும் விசாரியுங்கள். 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் இதே மனு பாக்கர், தகுதிச் சுற்றின் நடுவே பிஸ்டல் பழுதானதால் விலைமதிப்பற்ற நிமிடங்களை இழந்து இறுதிச் சுற்றைத் தவறவிட்டார். உலகின் சிறந்த கருவிகளும் பழுதாகும். ஒலிம்பிக் வீரருக்குப் பக்கத்தில் பயிற்சியாளர் இருக்கிறார். நமக்கு ஒரு ரப்பர் வளையம் தேய்ந்தால் அது எந்த ஊரில் கிடைக்கும், எத்தனை வாரம் ஆகும் என்பதே கேள்வி. மின்னணு விசையைவிட எளிய இயந்திர விசையே தொடக்கநிலையினருக்கு நல்லது என்று நாங்கள் கருதுவதற்குக் காரணம் இதுதான்.

பழையதை வாங்கும்போது

கிளப்புகளில் நல்ல நிலையில் உள்ள பழைய பிஸ்டல்கள் கைமாறுவது வழக்கம்; நியாயமான விலையில் தரமான கருவி கிடைக்கும் இடமும் அதுவே. ஆயினும் சிலிண்டரில் பொறித்துள்ள தேதியைப் பாராமல் பணம் கொடுக்காதீர்கள். சிலிண்டருக்கு உற்பத்தியாளர் குறிக்கும் ஆயுட்காலம் உண்டு. பொதுவாகப் பத்து ஆண்டுகள். காலம் கடந்த சிலிண்டரைப் போட்டியில் ஏற்கமாட்டார்கள். அதைவிட முக்கியம், 200 பார் அழுத்தம் தாங்கும் உலோகக் குழாய் முகத்துக்கு அருகில் இருக்கிறது என்பது. புதிய சிலிண்டரின் விலையைக் கழித்துக்கொண்டே பழைய பிஸ்டலுக்கு விலை பேச வேண்டும்.

பணத்தை வங்கிக் கணக்கு வழியாகவே செலுத்துங்கள். வரிசை எண் குறித்த ரசீதைப் பெறுங்கள். சமூக ஊடகங்களில் “வெளிநாட்டுப் பிஸ்டல் பாதி விலையில், முன்பணம் மட்டும் அனுப்புங்கள்” என்ற அழைப்புகளுக்கு எந்தப் பணமும் அனுப்ப வேண்டாம். ஏமாந்துவிட்டால் தயங்காமல் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை மீட்கும் வாய்ப்பைக் குறைக்கிறது.

மாதக் கணக்கு

வாரம் மூன்று நாள், நாளொன்றுக்கு எண்பது குண்டு என்று பழகினால் வாரத்துக்கு 240. ஆண்டுக்கு ஐம்பது வாரம் எனக் கொண்டால் 12,000 குண்டுகள். ஒரு டப்பாவில் 500 வீதம் 24 டப்பா. டப்பா 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 14,400 ரூபாய். மூன்று ஆண்டுகளில் 43,200. இதனுடன் கிளப் சந்தா, சுடுதளக் கட்டணம், பயிற்சியாளர் கட்டணம், போக்குவரத்து. உங்கள் ஊர் விலையை இட்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள். பிஸ்டலுக்கென ஒதுக்கிய தொகை முழுவதையும் பிஸ்டலிலேயே செலவழித்தவரிடம் குண்டு வாங்கப் பணம் இருக்காது.

நாங்கள் கடன் வழங்கும் தொழிலில் இருப்பவர்கள். எனினும் பொழுதுபோக்குக் கருவியைக் கடனில் வாங்குங்கள் என்று இந்த இதழில் எழுதமாட்டோம். 60,000 ரூபாயை 12 விழுக்காடு வட்டியில் இரண்டு ஆண்டுத் தவணையில் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 2,825 ரூபாய். மொத்த வட்டி சுமார் 7,800. மேற்சொன்ன விலையில் பதின்மூன்று டப்பா குண்டு அது.

மாறாக, மாதம் 4,000 ரூபாய் வீதம் ஓராண்டுக்குத் தொடர் வைப்பு ஒன்றைத் தொடங்கலாம். முதிர்வில் 48,000 ரூபாயும் வட்டியும் கையில் இருக்கும். அந்தப் பன்னிரண்டு மாதங்களும் கிளப்பின் பிஸ்டலில் பழகட்டும். ஆர்வம் நிலைக்கிறதா என்பது தெரியும். எந்த அளவுப் பிடி பொருந்தும் என்பது தெரியும். மற்றவர்களின் பிஸ்டல்களைக் கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பும் கிடைக்கும். ஆறாவது மாதத்தில் பிள்ளை சதுரங்கத்துக்கு மாறிவிட்டாலும் வைப்புத்தொகை அப்படியே இருக்கும்.

எந்தக் கிளப் என்பதை, இந்தியத் தேசிய ரைஃபிள் சங்கத்துடன் இணைந்த மாநிலச் சங்கத்திடம் கேட்டறியலாம். 1951இல் தோன்றிய அந்தத் தேசியச் சங்கத்தின் முதல் தலைவர், மக்களவையின் முதல் சபாநாயகரான ஜி.வி. மாவலங்கர். தேசியப் போட்டிக்கு முந்தைய தகுதிப் போட்டி இன்றும் அவர் பெயரிலேயே நடக்கிறது. பொழுதுபோக்காகத் தொடங்கியவருக்குப் போட்டி ஆசை வந்தால் அந்தப் படி வழியேதான் ஏற வேண்டும். ஆகவே இணைப்பு பெற்ற கிளப்பிலேயே சேர்வது நல்லது.

குண்டு இல்லாமல் விசையை மட்டும் இழுத்துப் பழகுவதற்குச் செலவே இல்லை. வீட்டில் வெள்ளைச் சுவரை நோக்கி நின்று, முன்குறி அசையாமல் விசை விடுபடுகிறதா என்று பார்ப்பது அது. தேர்ந்தவர்களும் இதை நாள்தோறும் செய்கிறார்கள். அதற்கான பொத்தான் அல்லது அமைப்பு பிஸ்டலில் உள்ளதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

வீட்டில் வைக்கும் முறையையும் சொல்லியாக வேண்டும். உரிமம் தேவையில்லை என்பதால் அது பொம்மை ஆகிவிடாது. பத்து மீட்டர் தொலைவிலிருந்து கண்ணைப் பறிக்கும் வலிமை அதற்கு உண்டு. பிஸ்டல் பூட்டிய பெட்டியில், குண்டு வேறிடத்தில், சாவி பெரியவர் கையில். குழலில் எதுவும் இல்லை என்று காட்டும் வண்ண நூலைப் பெட்டியில் வைக்கும்போதே செருகிவிடுங்கள். சுடுதளத்தில் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். குண்டு ஈயத்தால் ஆனது. பழகி முடித்தபின் சோப்பிட்டுக் கை கழுவாமல் எதையும் உண்ணக் கூடாது. கிளப்புக்கு எடுத்துச் செல்லும்போது பெட்டியை விட்டு வெளியே எடுக்காதீர்கள். பார்ப்பவருக்கு அது துப்பாக்கியாகவே தெரியும். ரசீதின் நகலும் கிளப் அடையாள அட்டையும் அந்தப் பெட்டியிலேயே இருக்கட்டும்.