அடுத்த அடி எப்போது என்று காலுக்குத் தெரியட்டும்

பக்கவாதத்திலிருந்து பிழைத்து வந்தவர்களுக்கு நடைப்பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். பயிற்சிக்குப் போகும் வீடுகளில் எல்லாம் ஒரே குரல்தான்: "காலைத் தூக்கும்மா, தூக்கு, தூக்கு!" பிள்ளைகள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு கட்டளையையும் கேட்டு, புரிந்துகொண்டு, பிறகு காலை எடுப்பதற்குள் அந்த அடிக்கான நேரம் கடந்துவிடுகிறது.

ஒரு பக்கம் பலவீனமானவரின் நடையைக் கவனியுங்கள். முழங்கால் சரியாக மடங்காததால் காலைப் பக்கவாட்டில் அரைவட்டமாக வீசி வைப்பார். பாதத்தின் நுனி தரையில் உரசும். அந்தக் காலை நம்பி நிற்கப் பயந்து, நல்ல காலை அவசரமாக ஊன்றிவிடுவார். பலம் குறைந்ததோடு, இரண்டு கால்களுக்கும் இடையிலிருந்த நேரக்கணக்கும் குலைந்துபோயிருக்கிறது.

இந்த நேரக்கணக்கை மீட்கத்தான் தாளம் உதவுகிறது. சீரான தட்டு சில முறை காதில் விழுந்ததுமே, அடுத்தது எப்போது வரும் என்று மூளை கணித்துவிடும். காதிலிருந்து போகும் ஒலிச்செய்தி, அசைவை ஆளும் நரம்புப் பாதைகளையும் தொடுகிறது. அதனால் தட்டு விழுவதற்கு முன்பே கால் தசைகள் தயாராகின்றன. கட்டளையைக் கால் துரத்த வேண்டியிருக்கிறது. தாளத்தையோ எதிர்பார்த்து நிற்கிறது.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் தாவ்ட்டும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்து 1997-இல் வெளியிட்டார்கள். பக்கவாதம் வந்து சில வாரங்களே ஆன 20 பேர், ஆறு வாரம், தினம் இரண்டு வேளைப் பயிற்சி. பாதிப்பேருக்கு வழக்கமான பயிற்சி. மீதிப்பேருக்கு அதோடு தாளமும் உண்டு. தாளத்தோடு நடந்தவர்களின் வேகம் 164 சதவீதம் கூடியது, மற்றவர்களுக்கு 107. எட்டி வைக்கும் அடியின் நீளம் 88 சதவீதம் கூடியது, மற்றவர்களுக்கு 34. சிறிய ஆய்வுதான். 2007-இல் அதே அணுகுமுறையை 78 பேரிடம் சோதித்தபோதும் தாளப் பயிற்சிக் குழுவே முன்னேறி நின்றது.

நான் செய்யும் முறை இதுதான். முதலில் ஒலியே கிடையாது. அவர் இயல்பாக நடக்கும்போது 30 விநாடியில் எத்தனை அடி என்று எண்ணி, இரண்டால் பெருக்குவேன். நிமிடத்துக்கு 50 அடி என்றால், செல்போனில், சீராகத் தட்டொலி எழுப்பும் மெட்ரோனோம் செயலியை 50-இல் வைப்பேன். அடிகள் ஒரே சீராக விழத் தொடங்கிய பிறகு 52 அல்லது 53. அடி குட்டையானாலோ உடம்பு தள்ளாடினாலோ உடனே பழைய எண்ணுக்குத் திரும்பிவிடுவேன்.

பாட்டு வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, ஆதி தாளம்போல இரண்டிரண்டாகப் பிரியும், தட்டு தெளிவாகக் கேட்கும் பாட்டாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பேன். மிஸ்ர சாபு ஒத்துவராது. ஏழு எண்ணிக்கை என்பதால், எண்ணிக்கைக்கு ஓர் அடி என்று வைத்தால், தாளம் தொடங்கும் இடம் ஒரு சுற்றில் வலது காலிலும் அடுத்த சுற்றில் இடது காலிலும் மாறி மாறி விழும்.

ஒரு வீட்டில் மகனிடம், "தம்பி, நீங்க பேசாம அம்மாவோட பலவீனமான பக்கமா நடந்து வாங்க, போதும்" என்றேன். அம்மா நாலைந்து தட்டுகளை நின்று கேட்டார். பிறகு தானாகவே காலை எடுத்து வைத்தார். அன்று ஹாலைக் கடக்கும்வரை யாரும் அவரை விரட்டவில்லை.

பிடித்துக்கொண்டாவது நிற்கவும் சில அடிகள் வைக்கவும் முடிகிறவர்களுக்கே இந்தப் பயிற்சி. டாக்டரும் பிசியோதெரபிஸ்ட்டும் பார்த்துச் சொன்ன பிறகே தொடங்குங்கள். தாங்கிப் பிடிக்க ஆள் பக்கத்திலேயே இருக்கட்டும். தெருவில் இயர்போன் வேண்டவே வேண்டாம். தலைசுற்றினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

பயிற்சியின் கடைசிச் சில நிமிடங்களில் ஒலியை மெல்லக் குறைத்து, அணைத்துவிட்டு நடக்கச் சொல்வேன். அப்போதும் அடிகள் சீராக விழுந்தால்தான் உண்மையான முன்னேற்றம். வீட்டாரிடம் நான் கேட்பது ஒன்றே: நம் அவசரத்தின் வேகத்தை அவர்மேல் ஏற்றாதீர்கள். முதலில் அவருடைய அடிகளை எண்ணுங்கள். அந்த எண்ணிலிருந்து தொடங்குங்கள்.