பட்டியும் தாங்கியும்

வீதி விபத்தொன்று நேர்ந்தால் சாரதியின் கவனக்குறைவையே நாம் முதலிற் பேசுகிறோம். ஆயினும், மோதிய வண்டியினுள் இருந்தோர் பிழைப்பதும் மாள்வதும் பல்லாண்டுகளுக்கு முன்னர் அவ்வண்டியை ஆக்கிய கம்பனியின் நிருவாகிகள் செய்த தீர்மானத்தையும் பொறுத்தனவாகும். இதனை விளக்க இரு வரலாறுகளை நோக்குவோம்.

முதலாவது சுவீடன் நாட்டில் நிகழ்ந்தது. ஆபத்து வேளையில் விமானியை ஆசனத்தோடு வெளியே வீசும் அமைப்பில் வல்லவரான நில்ஸ் போலின் என்னும் பொறியியலாளரை, 1958ஆம் ஆண்டில் வொல்வோ கம்பனி தன் பணிக்கு அமர்த்தியது. அக்காலத்துக் கார்ப் பட்டிகள் பெரும்பாலும் இடுப்பை மட்டுமே பிணித்தன. மோதும்போது தலையும் மார்பும் முன்னே பாய்ந்தன. போலினோ மார்பையும் இடுப்பையும் ஒருங்கே தாங்கும், ஒரு கையாற் பூட்டத்தக்க மும்முனைப் பட்டியை வகுத்தார். 1959இலேயே வொல்வோ அதனைத் தன் கார்களிற் பொருத்தியது. அதற்கான காப்புரிமையைக் கொண்டு பெரும்பொருள் ஈட்டியிருக்கலாம். ஆனால், ஏனைய கம்பனிகளும் தடையின்றிப் பயன்படுத்த அது இடமளித்தது. இன்று உலகெங்கும் கார்களில் அணியப்படும் ஆசனப்பட்டி அதன் வழிவந்ததே.

மற்றையது அமெரிக்காவில் நிகழ்ந்தது. 1970ஆம் ஆண்டில் போர்ட் கம்பனி பின்டோ என்னும் சிறு காரை விற்பனைக்கு விட்டது. அதன் பெற்றோல் தாங்கி பின்னச்சுக்கும் பிற்புறத்தே அமைந்திருந்தது. 1972இல் கலிபோர்னியாவிற் பின்னிருந்து மோதுண்ட பின்டோ ஒன்று தீப்பற்றியது. ஓட்டிச் சென்ற பெண்மணி மாண்டார். உடனிருந்த சிறுவன் கொடிய தீக்காயங்களுடன் உயிர்தப்பினான்.

மணிக்கு 20 மைல் அளவான வேகத்தில் மோதினாலே தாங்கி சிதையும் என்பதைக் கம்பனியின் பரிசோதனைகளே காட்டியிருந்தமை வழக்கில் வெளியாயிற்று. 1978இல் ஜூரிமார் நட்டஈட்டுடன், தண்டனையாக 12 கோடி 50 இலட்சம் டொலரும் விதித்தனர். நீதிபதி தண்டனைத் தொகையை 35 இலட்சமாகக் குறைத்தார். அவ்வாண்டிலேயே கம்பனி, பின்டோவும் அதனையொத்த வேறொரு வகையுமாக ஏறத்தாழ 15 இலட்சம் கார்களைத் திருத்துவதற்காக மீள அழைத்தது. 1981இல் மேன்முறையீட்டு மன்று அத்தண்டனையை உறுதிசெய்தது. சொற்பச் செலவில் திருத்தியிருக்கக்கூடிய குறையை, மனித உயிரையும் இலாபத்தையும் ஒரே தராசிலிட்டு நிருவாகிகள் ஒத்திப்போட்டனர் என்று அது கண்டித்தது.

பட்டியை வகுத்தவர்களும் பொறியியலாளர்களே. தாங்கியின் குறையைக் கண்டவர்களும் பொறியியலாளர்களே. அறிவு ஈரிடத்தும் இருந்தது. அதற்குச் செவிசாய்ப்பதா என்பதிலேதான் வேறுபாடு. ஆகவே, கார் வாங்கப் புகும் குடும்பத்தினர் நிறத்தையும் பெற்றோற் செலவையும் விசாரிப்பதோடு அமையாது, மோதலை இவ்வண்டி எவ்வாறு தாங்கும் என்றும் வினவுதல் வேண்டும். வாங்குவோர் வினவாததை விற்போர் தாமாக எண்ணுவது அரிதன்றோ?