மனநோயும் மருத்துவரின் கையெழுத்தும்

தொற்றுநோய்க் காலத்து விசேஷ விதிகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், நோயாளி வேண்டாமென்று மறுத்த பின்பும் அவரை ஆஸ்பத்திரியில் இருத்தி வைத்துச் சிகிச்சை செய்யும் அதிகாரத்தைச் சட்டமே மருத்துவர் கையில் கொடுத்திருப்பது, வைத்திய சாஸ்திரத்தின் துறைகளுள் மனநோய் மருத்துவம் ஒன்றில்தான். இருதய நோய் முற்றியவர்கூட, அறுவை வேண்டாம், வீட்டுக்குப் போகிறேன் என்று எழுந்தால், எடுத்துச் சொல்லிப் பார்த்துவிட்டு, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பி வைக்க வேண்டியதுதான். சோற்றில் விஷம் கலந்திருப்பதாக உறுதியாய் நம்பிப் பல நாள் பட்டினி கிடப்பவர் அவ்வாறே மறுக்கும்போதோ, மறுப்பது அந்த மனிதரா, அவரைப் பற்றிக்கொண்ட நோயா என்ற கேள்வி எழுகிறது. நோயின் இலக்கணம், மருந்துகளின் குணம், சட்டத்தின் வரம்பு என்று மருத்துவ மாணவர் மனநலப் பிரிவில் கற்கும் மூன்றும் தனித்தனிப் பாடங்களாகத் தோன்றினாலும், இந்த ஒரு கேள்விக்கு விடை தேடும் வழிகளே அவை.

மனச்சிதைவையோ மனச்சோர்வையோ ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரே படமும் காட்டிக் கொடுப்பதில்லையாதலால், கண்ணால் காண்பதும் காதால் கேட்பதுமே இங்கே பிரதானமான பரீட்சை. தோற்றம், நடத்தை, பேச்சு, மனநிலை, எண்ண ஓட்டம், புலனுணர்வு, ஞாபகசக்தி, தமக்கு நோய் உண்டென்று தாமே அறியும் அறிவு என்று ஒரு வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு, வரிசை வெளியே தெரியாதபடி, சாதாரண சம்பாஷணை போலவே மாணவர் பேசிச் செல்ல வேண்டும். "ஐயா, பக்கத்தில் ஆள் இல்லாதபோது ஏதாவது குரல் காதில் விழுகிறதுங்களா?" என்று கேட்டு, ஆமென்று பதில் வந்தால், அது பிரமை என்று வாதாடக் கூடாது. "உங்களிடமே பேசுகிறதா, உங்களைப் பற்றி இரண்டு பேர் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்களா? எதையாவது செய்யச் சொல்கிறதா?" என்று தொடர்வதே முறை. தம்மைப் பற்றிப் பிறர் பேசிக்கொள்ளும் குரல்களை மனச்சிதைவின் முதல்நிலைக் குறிகளுள் ஒன்றாக ஜெர்மானிய மருத்துவர் கூர்ட் ஷ்னைடர் வகுத்தார். கட்டளையிடும் குரலோ, அன்றிரவு அவரைத் தனியே விடலாமா என்பதையே தீர்மானிக்கும். அவ்வாறே, மனச்சோர்வுற்ற தாயொருத்தியிடம், "செத்துப் போய்விடலாம் என்று தோன்றியதுண்டாம்மா? அதற்கு வழி ஏதாவது யோசித்தீர்களா?" என்று கேட்க மாணவர் கூசுகிறார், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற அந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை என்பதே ஆராய்ச்சி காட்டும் உண்மை.

மனத்தை ஆராயும் முன் உடலைப் பார்க்க வேண்டுமென்பதும் இத்துறையின் பால பாடம். நேற்றுவரை தெளிவாயிருந்த முதியவர் மாலை மங்கியதும் இடமும் ஆளும் தெரியாமல் பிதற்றினால், அதன் காரணம் சிறுநீர்த் தொற்றாகவோ, ரத்தத்தில் சோடியம் குறைந்ததாகவோ இருக்கலாம். வெகுகாலமாய்க் குடித்து வந்தவர் குடியை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, சுவரில் பூச்சி ஊர்வதாகக் கண்டு அலறினால், அது உயிரையே கொண்டுபோகக்கூடிய அவசர நிலை. வைட்டமின் பி1 குறைவினால் மூளை பழுதுபடாதிருக்க, குளுக்கோஸ் ஏற்றுமுன்பே அந்த வைட்டமினை ஊசி வழியே கொடுத்தாக வேண்டும்.

மனநோய்களுக்குப் பயன்தரும் மருந்துகள் வந்து ஒரு நூற்றாண்டுகூட ஆகவில்லை. 1949-இல் ஆஸ்திரேலியாவின் ஜான் கேட், பித்து மிக்க நோயாளிகளிடம் லித்தியம் தரும் பலனை வெளியிட்டார்; 1952-இல் பாரிஸில் ழான் டிலே, பியேர் டெனிக்கர் இருவரும் குளோர்புரோமசினைப் பிரயோகித்து, மருட்சியும் மாயக்குரலும் தணியக் கண்டனர். மருந்தின் கதை அங்கே முடிவதில்லை. மனச்சிதைவு மாத்திரைகளால் உடல் விறைப்பும் நடுக்கமும் நேரலாம், எடை கூடலாம். லித்தியம் உட்கொள்பவருக்கு ரத்தத்தில் அதன் அளவையும், சிறுநீரகத்தையும், தைராய்டையும் காலந்தோறும் பரிசோதிக்க வேண்டும். மனச்சோர்வு மாத்திரை பலன்காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும், நலமான பின்பும் ஆறு மாதமேனும் தொடர வேண்டும். இவற்றை முதல் நாளே சொல்லி அனுப்பாவிட்டால், பத்தாம் நாள் மாத்திரை குப்பைக்குப் போய்விடும்.

திரைப்படங்கள் சித்திரவதையாகவே காட்டிப் பழக்கிவிட்ட "ஷாக் ட்ரீட்மெண்ட்", 1938-இல் ரோமாபுரியில் செர்லெட்டியும் பினியும் தொடங்கி வைத்த மின்னதிர்வுச் சிகிச்சையே. இன்று அது நடக்கும் விதம் வேறு: வெறும் வயிற்றோடு வந்தவருக்கு ரத்த நாளத்தில் மயக்க மருந்தும், தசைகளைத் தளர்த்தும் மருந்தும் செலுத்தி, பிராண வாயு கொடுத்து, பல்லிடையே ரப்பர் காப்பு வைத்து, சில விநாடியே மின்சாரம் பாய்ச்சுகிறார்கள், மூளையில் எழும் வலிப்பு ஒரு நிமிஷத்துக்குள் அடங்கும்போது, வெளியே கால்விரல் துடிப்பதற்கு மேல் அதிகம் தெரிவதில்லை. சிலருக்குச் சமீப கால ஞாபகம் மங்குவதுண்டு. ஆயினும் உணவை அறவே விட்டுச் சாவை நாடியவரையும், கல்லாய்ச் சமைந்து அசைவற்றுக் கிடப்பவரையும் இதுபோல் விரைந்து மீட்கும் சிகிச்சைகள் சிலவே.

இத்தனை வல்லமையுள்ள சாதனங்களை ஒருவரது சம்மதமின்றி அவர்மேல் பிரயோகிக்கலாமெனில், அந்த அதிகாரத்துக்கு வேலி வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். இந்தியாவில் 1912-ஆம் ஆண்டுச் சட்டம் நோயாளியை அடைத்து வைப்பதிலேயே கருத்தாயிருந்தது. 1987-இல் வேறொரு சட்டம் வந்தது. ஆனால் 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி விடியற்காலையில் ஏர்வாடியில் தனியார் காப்பகக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியின்றி மாண்டனர். காகிதத்திலிருந்த சட்டம் சங்கிலிவரை எட்டவில்லை. 2018-இல் அமலுக்கு வந்த 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியிடுவதையும், தனி அறையில் அடைப்பதையும், மயக்க மருந்தின்றி மின்னதிர்வு கொடுப்பதையும் வெளிப்படையாகவே தடைசெய்தது.

விருப்பமின்றிச் சேர்ப்பதற்கு அச்சட்டத்தின் 89-ஆம் பிரிவு வகுத்திருக்கும் முறை பின்வருமாறு. நோயாளியின் நியமனப் பிரதிநிதி விண்ணப்பிக்க வேண்டும். மனநோய் மருத்துவர் ஒருவரும், மனநல வல்லுநர் அல்லது மருத்துவர் வேறொருவரும் தனித்தனியே பரிசோதித்து, அவர் தமக்குத் தீங்கு செய்துகொள்ள முயன்றார், பிறரிடம் பலாத்காரமாய் நடந்தார், அல்லது ஆபத்து நேரும் அளவுக்குத் தம்மைப் பேணிக்கொள்ள இயலாதிருக்கிறார் என்ற முடிவுக்கு வர வேண்டும். கட்டுப்பாடு குறைந்த வேறு வழி இருக்கக் கூடாது. காவல் 30 நாளுக்கு மேற்படலாகாது. பெண்கள், சிறார் விஷயத்தில் மூன்று நாளுக்குள்ளும், ஏனையோர் விஷயத்தில் ஏழு நாளுக்குள்ளும் மனநலச் சீராய்வு வாரியத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். முடிவெடுக்கும் திறன் அவருக்குத் திரும்பிவிட்டதா என்று ஏழு நாளுக்கொரு முறை பார்க்க வேண்டும். பிறர் கண்ணுக்குத் தவறாகத் தோன்றும் முடிவை ஒருவர் எடுத்தார் என்பதனாலேயே அவருக்கு அத்திறன் இல்லையென்று கொள்ளலாகாதென்றும் சட்டம் கூறுகிறது. பின்னொரு நாள் நோய் முற்றினால் எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று தெளிவோடிருக்கும்போதே எழுதி வைக்கவும், தம் பிரதிநிதி இன்னாரென்று குறிக்கவும் வயது வந்த எவருக்கும் உரிமையுண்டு. வாரியத்திடம் முறையிடவும், இலவசச் சட்ட உதவி பெறவும் உரிமையுண்டு.

மாணவர்கள் இப்பிரிவுகளைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்வது வழக்கம். ஆயினும் படிவத்தில் 'தமக்குத் தீங்கு' என்ற இடத்தில் எழுதுவதற்கு, அந்தத் தாயிடம் சாவைப் பற்றிக் கூசாமல் கேட்டவரிடம்தான் விஷயம் இருக்கும். கேளாதவர் உறவினர் சொன்னதை அப்படியே எழுதிக் கையொப்பமிடுவார், சொத்துத் தகராறில் ஒருவரைப் பைத்தியமாக்கி உள்ளே தள்ளப் பார்க்கும் உறவினர் தேடுவதும் அந்தக் கையொப்பத்தையே. வாரியத்துக்கு அறிக்கை போய்ச் சேரும்வரை உள்ள நாட்களில் நோயாளியின் சுதந்திரத்துக்குப் பெருங்காவலாய் நிற்பது, பொறுமையாய்க் கேட்கத் தெரிந்த ஒரு மருத்துவரின் பரிசோதனைதான்.