ராத்திரியில் பேசும் குளிர்சாதனப் பெட்டி

எட்டாம் வகுப்பில் வெப்பம் பற்றிய பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நாகல் நகரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள். “டீச்சர், எங்க வீட்டு ஃபிரிட்ஜ் ராத்திரியில பேசுது. பாட்டி பயந்துபோய் சுவிட்சை அணைச்சிடுறாங்க” என்றாள். வகுப்பே சிரித்தது. அடுத்து அவள் சொன்னதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. “பாட்டியோட இன்சுலினும் அதுலதான் இருக்கு.”

இருப்பில் உள்ள இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். கோடை இரவு முழுவதும் மின்சாரத்தை நிறுத்தினால் பெட்டிக்குள் வெப்பநிலை இந்த வரம்பைத் தாண்டிவிடும். மருந்தின் வீரியமும் குறையக்கூடும். அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

பாட்டி, பேத்தி, நான் மூவரும் சமையலறையில் அமர்ந்து ஒவ்வொரு சத்தமாகக் கேட்டோம்.

முதலில் ‘டிக்’. உள்ளே வெப்பம் கூடியதும் தெர்மோஸ்டாட் கம்ப்ரசரை இயக்கும் ஒலி இது. தொடர்ந்து ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம். நம் வீட்டு மின்னோட்டத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு சுற்றிலும் மோட்டாரின் காந்தவிசை இருமுறை உச்சத்தைத் தொடுவதால், சாதாரணக் கம்ப்ரசரில் 100 ஹெர்ட்ஸ் ஒலி எழுகிறது. வெயில் காலத்தில் கம்ப்ரசர் கூடுதல் நேரம் ஓடுவதும் இயல்பே.

அடுத்து, பாட்டியை மிரட்டிய ‘களக் களக்’. குழாய்க்குள் ஓடும் குளிர்பதனப் பொருள் கொதிக்கும் ஓசைதான் அது. இன்றைய பெட்டிகள் பலவற்றில் ஐசோபியூட்டேன் இருக்கிறது. வளிமண்டல அழுத்தத்தில் அதன் கொதிநிலை ஏறத்தாழ மைனஸ் 12 டிகிரி. நுண்குழாயைத் தாண்டி அழுத்தம் குறைந்ததும் அது கொதித்து ஆவியாகிறது; அதற்கான வெப்பத்தைப் பெட்டியின் உட்புறத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் ஆவியாதலால்தானே! கம்ப்ரசர் நின்ற பிறகும் குழாய்களில் அழுத்தம் சமமாகும்வரை இந்த ஓசை சிறிது நேரம் கேட்கும்.

நள்ளிரவில் ‘படக்’ என்று கேட்பது, உட்புறப் பிளாஸ்டிக் வெப்பநிலை மாற்றத்தால் சுருங்கி விரியும் சத்தம். சொட்டுச் சொட்டாகக் கேட்பது, உருகிய உறைபனி பின்புறத் தட்டில் விழும் ஒலி.

எல்லாம் கேட்டபின் பாட்டி சிரித்தார். தறியில் பல ஆண்டுகள் உழைத்தவர். “தறி ஓடுற சத்தத்துக்கு யாரும் எழுந்திருக்க மாட்டோம் டீச்சர். சத்தம் மாறினாத்தான் எழுந்து பார்ப்போம்” என்றார். நான் சொல்ல வந்ததும் அதுதான்.

எப்போது கவனிக்க வேண்டும்? கம்ப்ரசர் ஓடாமல் ‘டிக்’ மட்டும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கேட்டால், மின்னழுத்தக் குறைவோ பழுதோ இருக்கலாம். கடகடவென்று அதிர்ந்தால் பெட்டி சமமாக நிற்கிறதா, சுவரிலோ பாத்திரத்திலோ இடிக்கிறதா என்று பார்க்கலாம். சத்தம் மாறியதோடு குளிர்ச்சியும் குறைந்தால் மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.

அன்றிரவு முதல் பெட்டி அணைக்கப்படவில்லை. இருந்த மருந்தைப் பயன்படுத்தலாமா என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுவாரம் வகுப்பில் ‘ஒலி நாட்குறிப்பு’ தொடங்கினோம். மிக்சி, மின்விசிறி, தண்ணீர் மோட்டார், பெட்டிக்கடை ஃபிரிட்ஜ் என எதுவானாலும் சரி. என்ன ஒலி, எந்த நேரம், அதற்கு முன் என்ன நடந்தது என்று மூன்று பத்திகளில் எழுத வேண்டும். காதால் கேட்கலாம், கையால் தொடக்கூடாது என்பது மட்டும் நிபந்தனை. வெப்பமும் ஒலியும் மின்சாரமும் ஒரே பக்கத்தில் வந்து சேர்ந்தன. உங்கள் வகுப்பிலும் செய்து பாருங்கள். குழந்தைகள் சிரிக்கும் ஒரு கேள்விக்குப் பின்னால், ஒரு வீட்டின் கவலை இருக்கலாம்.